ஜாமுக்குப் பரிசு, படத்துக்கு இல்லை

மலர்க் குழுவிலிருந்து போன் செய்த நண்பன், "நீதான் இப்போ ஆர்ட்டிஸ்ட் ஆயிட்டியே, அதையே எழுதுடா" என்றான். என் கதையில் ஒரு பாராவுக்கு மேல் சரக்கு கிடையாது. முப்பத்தைந்து வயதில் பிரஷ் பிடித்தேன். பெங்களூரில் ஜனவரி மாதம் சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தையில், குமாரகிருபா ரோடு ஓரமாகப் பன்னிரண்டு படங்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். போணியே ஆகவில்லை. பன்னிரண்டும் வீடு திரும்பின. "இனிமே இது எதுக்கு?" என்று மனைவி கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பேன்.

சந்தையில் படம் விலை போகாமல் திரும்பிய முதல் ஆள் நானில்லை என்பது அப்புறம் படித்தபோதுதான் தெரிந்தது. அந்தச் சரித்திரத்தில் நம்ம ஜாதிக்காரர், அதாவது ஓர் இன்ஜினியர், வருகிறார் என்பதால் சொல்கிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஈகிள் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் இருந்தவர் அன்னா மேரி மோசஸ். பிறந்தது 1860. சின்ன வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனவர். பத்துக் குழந்தைகள் பெற்றார், பிழைத்தவை ஐந்து. பண்ணை வேலையிலேயே ஆயுசில் முக்கால்வாசி போய்விட்டது. கம்பளி நூலில் படம் தைத்துக்கொண்டிருந்தவருக்கு மூட்டு வலி வந்து ஊசி பிடிக்க முடியவில்லை. பெயிண்ட் பண்ணினால் சுலபம் என்று தங்கை சொன்னார். எழுபது தாண்டிய பிறகுதான் முழுமூச்சாகப் பிரஷ் எடுத்தார்!

உள்ளூர்ச் சந்தைக்குத் தன் ஜாமையும் படங்களையும் சேர்த்தே அனுப்பினார். ஜாமுக்குப் பரிசு வந்தது. படத்தை யாரும் சட்டை பண்ணவில்லை.

1938-ல் லூயி கால்டர் என்ற இன்ஜினியர் அந்தப் பக்கம் வந்தார். ஹூசிக் ஃபால்ஸ் ஊரில் ஒரு மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த படங்களைப் பார்த்தார். மூன்று டாலர், ஐந்து டாலர். சைஸைப் பொறுத்து விலை. அத்தனையையும் வாங்கிவிட்டார். இன்னும் இருக்கிறதா என்று பண்ணை வீட்டுக்கே தேடிப் போனார். பாட்டி வெளியே போயிருந்தார். பத்துப் படம் இருக்கிறது, நாளைக்கு வாங்க என்று மருமகள் சொல்லி அனுப்பிவிட்டார். வீடு திரும்பிய பாட்டி எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான்! பெரிய படம் ஒன்றை இரண்டாக வெட்டிக் கணக்கை நேர் செய்தார். சைட்டில் பில் போட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த அட்ஜஸ்ட்மென்ட் புதிதல்ல.

கால்டர் அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. படங்களைத் தூக்கிக்கொண்டு நியூயார்க்கில் காலரி காலரியாக ஏறி இறங்கினார். எண்பதை நெருங்கும் கிழவியின் மேல் பணம் போட வியாபாரிகள் யோசித்தார்கள். 1939-ல் நவீன கலை அருங்காட்சியகத்தில் மூன்று படங்கள் இடம்பெற்றன. 1940 அக்டோபரில் ஓட்டோ காலிர் தன் காலரியில் தனிக் கண்காட்சியே வைத்தார். அடுத்த மாதம் கிம்பெல்ஸ் என்ற பெரிய கடையிலும் படங்களை வைத்தபோது பாட்டி நேரில் வந்தார். கூடவே ஜாமும் வந்தது. கூட்டத்தில் அவர் அதிகம் பேசியது ஜாம் பற்றித்தான். 1961-ல் 101 வயதில் இறந்தபோது ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் படங்கள் இருந்தன. அவர் 1943-ல் வரைந்த ஒரு படம் 2006-ல் பத்து லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போனது.

சந்தை ஒரேயடியாகத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அங்கே என்னை மாதிரி ஆளுக்கும் உட்கார இடம் கிடைத்ததே. ஆனால் அங்கே ஜனம் நடந்துகொண்டே பார்க்கிறது. கால்டர் நின்று பார்த்தார், திரும்பி வந்தார்.

பாட்டியிடம் தொழில் ரகசியம் ஒன்றும் கிடைத்தது: மேலிருந்து கீழே வரைவார். முதலில் வானம், பிறகு மலை, நிலம், வீடு, மனிதர்கள் கடைசியில். நான் அது வரை நேர்மாறாகச் செய்து வானத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த முறையில் நம் காலேஜ் ஒர்க்‌ஷாப்பையும் வேப்பமரத்தையும் நாலு படமாக வரைந்திருக்கிறேன். ரீயூனியன் அன்று என் கார் டிக்கியில் இருக்கும். சின்னது எண்ணூறு, பெரியது ஆயிரத்து ஐந்நூறு. இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்குக் கடன் உண்டு. என் பேட்ச்காரர்களுக்குக் கிடையாது.