மேல்மலைக்குப் பாதை வந்த கதை

மன்னவனூருக்குப் போவது இப்போது பெரிய காரியமே இல்லை. கொடைக்கானலில் பஸ் ஏறினால் பூம்பாறை தாண்டி 35 கிலோமீட்டர் சொச்சம்தான். ஏரியையும் ஆட்டுப் பண்ணையையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். நம் பேரப்பிள்ளைகளுக்கு இதுவே அதிக நேரமாகத் தெரிகிறது. அவர்களுக்காகத்தான் இந்தப் பழங்கதை.

கொடைக்கானலை 1821ல் வார்டு என்ற வெள்ளைக்கார சர்வேயர் "கண்டுபிடித்தார்" என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் சிரிப்புதான் வரும். அவர் தங்கி வேலை பார்த்ததே வெள்ளகவி என்ற மலைக் கிராமத்தில்தான். ஊர் இருந்தது, ஜனங்கள் இருந்தார்கள், ஒற்றையடிப் பாதையும் இருந்தது. மேல்மலையிலும் அப்படித்தான். மன்னவனூரிலும் பூம்பாறையிலும் குன்னுவர் வெள்ளாமை செய்துகொண்டிருந்தார்கள்.

1845ல் அமெரிக்க மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மதுரை வெயிலும் காலராவும் அவர்களை விரட்டியிருந்தன. பத்து வருஷம் கழித்து, பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து மலைக்குக் குதிரைப் பாதை போட்டார்கள். அதற்குப் பெயரே 'கூலி காட்'. யார் முதுகில் அந்த ஊர் ஏறியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1875ல் ரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில் இறங்க வேண்டும். அதைத்தான் இன்று கொடைரோடு ஸ்டேஷன் என்கிறோம். பெயரில்தான் கொடை. அங்கிருந்து தோப்புக்கு முப்பது மைலுக்கு மேல் மாட்டு வண்டியில் ராத்திரிப் பயணம். விடிந்ததும் சுமார் 12 மைல் ஏற்றம். வசதியுள்ள ஆண்கள் மட்டக்குதிரையில் போனார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்து ஆட்கள் தூக்கினார்கள். பெட்டி, படுக்கை, மேஜை எல்லாம் தலைச்சுமைதான். மழை பிடித்துவிட்டால் வழுக்குப் பாறையில் தோள் மாற்றவும் இடம் கிடைக்காது. தூக்கியவர்களின் பெயர் ஒன்றுகூட எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

வத்தலக்குண்டு வழியாக மேஜர் லா ஆரம்பித்த காட் ரோட்டை முடிக்கப் பல வருஷம் பிடித்தது. 1914ல் வேலை முடிந்து, 1916ல் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். அதோடு தோப்பு வழி களையிழந்தது. ஒரு காலத்தில் துரைமார் கூடாரம் போட்ட இடம், கேட்பாரற்றுப் போனது.

இவை எல்லாமே கொடைக்கானலுக்கு வந்த பாதைகள். அதற்கு அப்பால் இருந்த மேல்மலைக்காரர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். உருளைக்கிழங்கும் பூண்டும் மட்டக்குதிரை முதுகில் சந்தைக்குப் போயின. மழைக்காலத்தில் பிரசவ வலி கண்டவளை டோலி கட்டித்தான் தூக்க வேண்டும். துரைசாணிக்குச் சொகுசாக இருந்த அதே டோலி, நம் வீட்டுப் பெண்ணுக்கு உயிர்ப் பிரச்சினை.

வெளியூர்க்காரர் தேவைக்காக இன்னொரு சாலையும் மலையில் உண்டு. பேரிஜம் வழியாக மூணாறு போகும் கோஷன் ரோடு. 1942ல் ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டதும் சென்னை காலியானது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எதிரி கரையிறங்கினால் மலை வழியாகக் கேரளம் பக்கம் தப்பிப் போவதற்கென்று இந்த ரோட்டைச் செப்பனிட்டார்கள். எதிரி வரவில்லை, ரோடு இருந்தது. 1990ல் அந்த வழியும் அடைபட்டது. இப்போது பேரிஜம் பார்க்கவே வனத்துறை அனுமதி வேண்டும்.

மன்னவனூரில் 1965ல் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் வந்தது. நம் பக்கம் வெளியூர் ஆட்களும் அரசாங்க வண்டிகளும் புழங்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது எதிர்மாறான தொல்லை. மே மாதம் வந்தால் கார் வரிசை நகராது. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். அந்த வரிசையில் பூண்டு மூட்டை ஏற்றிய வேனும் நிற்கிறது, நோயாளி வண்டியும் நிற்கிறது. சீசன் நாளில் மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பூம்பாறைக்குப் போன் போட்டு வழி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள்.