கசியும் ரேடியேட்டர்: பழைய கார்களில் பழுதுபார்ப்பும் மாற்றமும்

ரேடியேட்டர் என்பது நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினின் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கடத்தும் உறுப்பு. எஞ்சினில் சூடான நீர் மேல் தொட்டிக்கு வந்து, மெல்லிய குழாய்களின் வழியே இறங்கி, கீழ்த் தொட்டியிலிருந்து மீண்டும் எஞ்சினுக்குச் செல்கிறது. குழாய்களுக்கு இடையே மடித்து வைக்கப்பட்ட தகடுகள் காற்று படும் பரப்பைப் பெருக்குகின்றன. குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதி கோர் எனப்படுகிறது.

பழைய கார்களில் அடிக்கடி கெடும் உறுப்புகளுள் ரேடியேட்டர் ஒன்று. அது கசியத் தொடங்கியதும் அடைப்பதா, பற்றவைப்பதா, மாற்றுவதா என்ற கேள்வி எழும். இதற்குக் கிடைத்த விடை காலத்துக்குக் காலம் மாறியது. ரேடியேட்டர் எந்த உலோகத்தால் ஆனது என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானித்தது.

தொடக்கக் காலம்

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் இன்றைய பொருளில் ரேடியேட்டர் இல்லை. எஞ்சினைச் சுற்றியிருந்த நீர் கொதித்து ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் சென்றது. ஆகவே நீர் குறைவது அந்த வண்டியில் பழுது அல்ல, இயங்கும் முறையே அதுதான். பெர்த்தா பென்ஸ் 1888-இல் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குத் தம் மகன்களுடன் அவ்வண்டியில் சென்றபோது வழி நெடுக நீர் ஊற்ற வேண்டியிருந்தது.

எஞ்சினின் திறன் கூடியபோது இம்முறை போதவில்லை. டைம்லர் நிறுவனத்தின் பொறியாளர் வில்ஹெல்ம் மைபாக் முதலில் குழாய் ரேடியேட்டரையும், பின்னர் தேன்கூடு ரேடியேட்டரையும் உருவாக்கினார். 1900-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரில் தேன்கூடு ரேடியேட்டர் பொருத்தப்பட்டது. அதில் 6 மில்லிமீட்டர் சதுரக் குறுக்குவெட்டு கொண்ட 8,070 சிறு குழாய்கள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டிருந்தன. காற்று குழாய்களின் உள்ளேயும் நீர் அவற்றின் இடுக்குகளிலும் சென்றன. சுமார் 9 லிட்டர் நீரே அந்த எஞ்சினுக்குப் போதுமானதாயிற்று. ஆயிரக்கணக்கான பற்றுகள் வந்ததால் கசிவதற்கான இடங்களும் ஆயிரக்கணக்காயின. காருக்கு ரேடியேட்டர் கசிவு என்ற நோய் இவ்வாறே வந்து சேர்ந்தது.

செம்பு, பித்தளை, ஈயம்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ரேடியேட்டர்கள் செம்பாலும் பித்தளையாலும் செய்யப்பட்டன. தொட்டிகளும் குழாய்களும் பித்தளை, இடைத்தகடுகள் செம்பு. இவற்றை இணைத்தது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. செம்பு வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும். அதைவிட, இந்த அமைப்பைப் பிரித்துச் சேர்ப்பது எளிது. ஈய–வெள்ளீயக் கலவை சுமார் 183 பாகை செல்சியசிலேயே உருகத் தொடங்கும் என்பதால் ஒரு சிறு தீச்சுடரே பட்டறைக்குப் போதும்.

இதனால் பழுதுபார்ப்பு ஒரு தனித் தொழிலாயிற்று. கழற்றிய ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, காற்றைச் செலுத்தி, நீர்த்தொட்டியில் அமிழ்த்துவர். குமிழி வரும் இடமே ஓட்டை. அந்த இடத்தைச் சுரண்டித் துலக்கி ஈயம் வைத்துப் பற்றவைப்பர். ஒரு குழாய் மோசமாக அரித்திருந்தால் அதன் இரு முனைகளையும் அடைத்துவிடுவர். குளிர்விக்கும் திறன் சிறிது குறைந்தாலும் வண்டி ஓடும். உள்ளே உப்புப் படிந்திருந்தால் தொட்டிகளைக் கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்வர். கோர் முழுவதும் கெட்டிருந்தால் பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு புதிய கோரை மட்டும் பொருத்துவர். அகற்றிய உலோகத்துக்கு எடைக்கு விலை கிடைத்ததால் உரிமையாளரின் செலவு மேலும் குறைந்தது.

அழுத்த மூடியின் வருகை

பழைய ரேடியேட்டர்களில் நீர் வளிமண்டல அழுத்தத்திலேயே இருந்தது. பின்னர் சுருள்வில் வைத்த அழுத்த மூடி வந்தது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். வளிமண்டலத்தைவிட அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடினால் நீர் 100 பாகைக்குப் பதிலாக ஏறக்குறைய 120 பாகையில் கொதிக்கும். மலைப்பாதைகளில் இதன் பயன் தெளிவாகத் தெரியும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் திறந்த பாத்திரத்து நீர் 92 அல்லது 93 பாகையிலேயே கொதித்துவிடும். எஞ்சின் கடுமையாக உழைக்கும் ஏற்றத்தில் கொதிநிலையும் தாழ்ந்துவிடுவதால், மூடி கெட்ட பழைய கார்கள் மலைப்பாதை ஓரம் நின்று ஆவி கக்கின.

அழுத்தம் வந்தபின் கசிவின் தன்மையும் மாறியது. முன்பு சொட்டுச் சொட்டாக விழுந்த நீர் ஊசித்துளை வழியே பீச்சியடித்தது. சூடான எஞ்சினில் மூடியைத் திறப்பவர் மீது கொதிநீர் பாயும் ஆபத்தும் உண்டாயிற்று.

அம்பாசடரும் பட்டறைகளும்

மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்த அம்பாசடர், 1950-களின் பிற்பகுதி முதல் 2014 மே வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உற்பத்தியானது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் இந்தியாவில் புதிய கார் வாங்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே கையிலிருந்த காரை எப்படியாவது ஓட்டவேண்டிய நிலை. வாடகைக் கார் ஓட்டுநருக்கு வண்டி நின்ற நாள் வருமானம் இல்லாத நாள்.

அம்பாசடரின் அமைப்பு இதற்கு உதவியது. பானட்டைத் திறந்தால் ரேடியேட்டர் முன்புறம் நிமிர்ந்து நிற்கும். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், சில போல்ட்டுகள் ஆகியவற்றைக் கழற்றினால் அது கைக்கு வந்துவிடும். பற்றவைத்து மாலைக்குள் பொருத்திவிடலாம். பழைய உதிரிபாகங்கள் சென்னையில் புதுப்பேட்டையிலும், கொல்கத்தாவில் மல்லிக் பஜாரிலும் கிடைத்தன.

வழியில் கசிந்தால் கைவைத்தியம் இருந்தது. ஓட்டுநர்கள் மஞ்சள்தூளை ரேடியேட்டரில் கொட்டினர். சிலர் முட்டையை உடைத்து ஊற்றினர். நீரோடு சுற்றும் தூளும் வெந்த முட்டையும் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். ஊர் போய்ச் சேர இது உதவும். ஆனால் ஓட்டையை அடைத்த பொருள் நல்ல குழாய்களையும் அடைக்கும். இன்று புட்டியில் விற்கும் கசிவு அடைப்பான்களுக்கும் இதே குறை உண்டு.

வெப்பமான ஊர்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் வழக்கமாயிற்று. இதனால் எஞ்சின் உரிய வெப்பத்தை அடையத் தாமதமாகி, எரிபொருள் செலவும் தேய்மானமும் கூடின.

கணக்கில் வராத செலவு

பற்றவைப்பு மலிவாக இருந்தது. அதன் ஒரு பகுதி விலையைப் பட்டறைத் தொழிலாளரின் உடல் கொடுத்தது. பழைய பற்றைச் சுரண்டும்போது ஈயத்தூள் பறக்கும், சூடாக்கும்போது ஈயப்புகை எழும். காற்றோட்டமில்லாத சிறு அறைகளில் இவை மூச்சோடு உள்ளே சென்றன. அமெரிக்காவில் ரேடியேட்டர் பழுதுபார்ப்போரின் இரத்தத்தில் ஈய அளவு உயர்ந்திருப்பதைப் பொதுநல ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். உடையில் ஒட்டிய தூள் வீடு வரை சென்று குழந்தைகளையும் பாதிக்கக்கூடும். ஈயம் நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது மிகவும் கேடானது.

அலுமினியமும் பிளாஸ்டிக்கும்

1970-களிலிருந்து ஐரோப்பிய கார்களில் அலுமினிய ரேடியேட்டர்கள் பரவின. அலுமினியம் செம்பைவிடக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். ஆயினும் அதன் அடர்த்தி செம்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எடை குறைந்தது, தயாரிப்புச் செலவும் குறைந்தது. கண்ணாடியிழை கலந்த நைலான் தொட்டிகள், ரப்பர் பட்டை வைத்து, அலுமினியக் கோரின் விளிம்பை மடக்கிப் பிடித்து இணைக்கப்பட்டன.

இந்த ரேடியேட்டரில் ஈயப்பற்றுக்கு வேலையில்லை. சூட்டில் நைலான் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெற்று விரிசல் விடும், ரப்பர் பட்டை இறுகிப்போகும். பசை தடவினால் அழுத்தத்தில் சில நாளே தாங்கும். எனவே பழுதுபார்ப்பின் இடத்தை மாற்றுதல் பிடித்துக்கொண்டது. ரேடியேட்டர் பட்டறைகள் பலவற்றுக்கு வேலை குறைந்தது. ஈய ஆபத்தும் அதனுடன் குறைந்தது.

இன்றைய சிக்கன மாற்று

பழைய காரின் உரிமையாளருக்கு இன்று மூன்று வழிகள் உள்ளன: செம்பு ரேடியேட்டரில் புதிய கோர் போடுவது, உதிரிச் சந்தையில் பழையதை வாங்குவது, வேறு தயாரிப்பாளரின் புதிய அலுமினிய ரேடியேட்டரைப் பொருத்துவது. எதற்கும் முன் கசிவின் இடத்தை உறுதிசெய்ய வேண்டும். ஹோஸ், கிளிப், மூடி, வாட்டர் பம்ப் ஆகியவற்றின் கசிவு பல சமயம் ரேடியேட்டரின் குற்றமாகத் தோன்றும். இவற்றுள் மூடியும் கிளிப்பும் மிக மலிவானவை.

பழையதை வாங்கினால் அதைக் கடையிலேயே காற்றடைத்து நீரில் அமிழ்த்திப் பார்ப்பது நல்லது. உயரம், அகலம், ஹோஸ் வாயின் பக்கமும் விட்டமும், போல்ட் துளைகள் ஆகியவை பொருந்த வேண்டும். அம்பாசடரிலேயே பழைய 1489 சிசி எஞ்சினுடன் டீசல் எஞ்சினும் இசுசு எஞ்சினும் பின்னர் வந்ததால், எந்த எஞ்சினுக்குரிய ரேடியேட்டர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

மாற்றும் வேலை எஞ்சின் முழுதும் ஆறியபின் தொடங்கும். கீழ்த் திருகைத் திறந்து நீர் வடிக்கப்படும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் நச்சுத்தன்மையும் இனிப்புச் சுவையும் கொண்டது. குழந்தைகளும் நாய்களும் எட்டாதபடி அதை மூடிய கலத்தில் பிடிக்க வேண்டும். ஹோஸ்களைக் கழற்றிப் பழைய ரேடியேட்டரை எடுத்துப் புதியதை வைத்தபின், வெடித்த ஹோஸ்களையும் சேர்த்து மாற்றுவது சிக்கனமே. பிறகு கூலன்ட் ஊற்றி, மூடியைத் திறந்த நிலையில், குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து காற்று வெளியேறும் வரை பார்த்து, குறைந்த அளவை நிரப்புவர். மறுநாள் காலை அளவை மீண்டும் பார்த்தால் வேலை சரியா என்று தெரிந்துவிடும். கிணற்று நீரின் உப்பு, செம்பைவிட அலுமினியத்தை விரைவில் அரிக்கும் என்பதால், அலுமினிய ரேடியேட்டரில் வெறும் நீர் ஊற்றும் பழைய பழக்கம் தொடரக்கூடாது.

கசிவைப் பொருட்படுத்தாமல் நீர் ஊற்றி ஊற்றி ஓட்டுவதே எல்லாவற்றிலும் செலவு மிக்க வழி. ஒருமுறை நீர் வற்றினால் ஹெட் கேஸ்கட் எரியும். அம்பாசடரின் வார்ப்பிரும்பு ஹெட் ஓரளவு சூடு தாங்கும். அலுமினிய ஹெட் கொண்ட பிற்காலக் கார்களில் ஹெட்டே வளைந்துவிடும். அப்போது ஆகும் செலவு ரேடியேட்டரின் விலையைப் பலமடங்கு மிஞ்சும். பழைய கார்கள் பல பழைய இரும்புக் கடைக்குப் போவது இந்த இடத்திலிருந்துதான்.