தலைப்பாகையில் வைத்த தோல்

அக்னி நட்சத்திரம் முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்கு ஒருதரம் அழைத்துப்போவது, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து நண்பர்கள் பலருக்கும் பழக்கம். அகழியைப் பார்த்தாச்சு, ஐஸ்கிரீம் சாப்பிட்டாச்சு, கிளம்பலாம் என்பார்கள் பிள்ளைகள். நின்று கதை சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். தோலால் பிழைத்த ஊர்க்காரர்களான நமக்கு அங்கே சொல்ல ஒரு தோல் கதையே இருக்கிறது.

1805 நவம்பரில் சென்னை ராணுவத் தளபதி சர் ஜான் கிராடக் சிப்பாய்களுக்குப் புது உடை விதிகளைக் கொண்டு வந்தார். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, பழைய முண்டாசுக்குப் பதிலாகத் தொப்பி மாதிரியான ஒரு தலைப்பாகை. அதன்மேல் தோலால் செய்த ஒரு சின்னம். மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்ற சந்தேகம் பாளையத்தில் பரவியது. இந்துவுக்கும் ஆகாது, முஸ்லிமுக்கும் ஆகாது. மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டை சிப்பாய்கள் கையில். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்ததால் அன்றைக்கே முடிந்தது. கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் குடும்பத்தாரைப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கவர்னர் பெண்டிங்கும் கிராடக்கும் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டார்கள். மீரட் எழுச்சிக்கு இது 51 ஆண்டு மூத்தது. அதைப் பாடப்புத்தகம் சொன்ன அளவுக்கு இதை நமக்கு யார் சொன்னார்கள்?

1985இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் 1999 முதல் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. அங்கே தந்தத்தால் ஆன சதுரங்கக் காய்களைத் தவறவிடாதீர்கள். கண்டியின் கடைசி மன்னர் விக்கிரமராஜசிங்கன் ஆடியவை என்பார்கள். 1815இல் பிடிபட்டு, 1816இல் வேலூருக்கு வந்தவர், 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே காலமானார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் அவர் அடக்கம். ராஜ்யம் போன பிறகு பதினாறு வருஷம் ஒரு மனிதர் பொழுதைப் போக்கிய விதம் அந்தக் காய்களில் தெரிகிறது. பெரியவர்களே அங்கே கொஞ்சம் அமைதியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதே பாலாற்றங்கரையில்தான் நம் பாட்டன்மார் சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறவைத்து, ரோமம் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்டு, கடுக்காய் போட்டு முடித்தார்கள். அந்தச் சரக்கு கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போனது. பிறகு வேட்டில் பட்டை வந்தது, அப்புறம் குரோமியம். 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வர, நம்மூரில் ஷூவும் செருப்பும் பெருகின. ஆறு பட்ட பாட்டுக்கு 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கத்தின் வழக்கு அது. மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற விதி நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியதே நம் ஆற்றின் பேரில்தான். இதில் பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா? எனக்கு இரண்டும் உண்டு.

ஆவாரம்பட்டைக் காலத்தைக் கையால் அறிந்தவர்கள் இன்று விரல் விட்டு எண்ணும் அளவே. ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கோடைச் சந்திப்புக்குக் குடும்பத்தோடு வரும்போது, பரண்மேல் கிடக்கும் சதை சீவும் கத்தி, பழைய கணக்குப் புத்தகம், சரக்கு முத்திரை எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி கேட்போம். வளாகத்தில் ஒரு மூலையும் கேட்போம். ஆவாரை விதை நான் கொண்டு வருகிறேன். அதற்குத் தண்ணீர்கூட அதிகம் வேண்டாம். கடுக்காய் மரத்துக்குத்தான் இடம் கொஞ்சம் தாராளமாக வேண்டும்.