கோடுகளில் எழுந்த சமூக வரலாறு: 'சிரித்திரன்' சுந்தரின் வாழ்வும் பணியும்

ஈழத்துத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டையும் அரசாவணையையும் சட்டசபை அறிக்கையையும் தேடிச் செல்வது வழக்கம். நாளிதழின் ஒரு மூலையில் அச்சாகி, படித்தவர் சிரித்தவுடன் எறியப்பட்ட கேலிச்சித்திரத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு சமூகம் எதைக் கண்டு நாணியது, எதைக் கண்டு நகைத்தது என்பதை அறிவதற்கு அதனினும் நேரிய சான்று பிறிதில்லை. இவ்வகையில் 'சுந்தர்' என்னும் பெயரால் அறியப்பட்ட சி. சிவஞானசுந்தரத்தின் வாழ்வும் பணியும் ஆராயத்தக்கன.

சுந்தர் 1924ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பகுதியிலுள்ள கரவெட்டியிற் பிறந்தார். கட்டடக்கலை பயிலும் நோக்குடன் பம்பாய் சென்ற அவரை அந்நகரின் பத்திரிகை உலகம் வேறொரு துறைக்கு ஈர்த்தது. விடுதலையை அண்டிய அக்காலத்தில் பம்பாய் இந்தியக் கேலிச்சித்திரக் கலையின் தலைநகராய் விளங்கிற்று. ஆர். கே. லக்ஷ்மண் போன்றோர் தம் தூரிகையை நிலைநாட்டிய களமும் அதுவே. 1941இல் தொடங்கப்பெற்ற 'பிளிட்ஸ்' வார இதழில் சுந்தரின் சித்திரங்கள் இடம்பெற்றன. கட்டடம் வரையக் கற்ற கை மனிதரை வரையலாயிற்று. கோட்டின் சிக்கனமும் அளவின் நுட்பமும் அவர்தம் சித்திரங்களில் இறுதிவரை காணப்படுவதற்கு இப்பயிற்சியும் ஒரு காரணம் எனலாம்.

இலங்கை திரும்பிய பின் அவர் 'தினகரன்' பத்திரிகையில் வரைந்த 'சவாரித் தம்பர்' தொடர் அவருக்குப் பெரும் புகழ் ஈட்டித் தந்தது. சவாரி என்பது யாழ்ப்பாணத்தாரின் மரபார்ந்த மாட்டுவண்டிப் போட்டியைக் குறிக்கும் சொல். பெயரிலேயே மண்ணின் மணத்தைச் சுமந்த தம்பரும் அவர்தம் தோழர் சின்னக்குட்டியும் கிராமத்துப் பேச்சுமொழியிலேயே உலகை விமரிசித்தனர்.

இதன் முக்கியத்துவத்தை உணர அக்காலத்து இலக்கியப் பகைப்புலத்தை நோக்குதல் வேண்டும். 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் முற்பகுதியிலும் ஈழத்தில் தேசிய இலக்கியம், மண்வாசனை ஆகிய கருத்துகள் வலுப்பெற்றன. பேச்சுவழக்கை இலக்கியத்திற் கையாள்வது 'இழிசனர் வழக்கு' எனப் பண்டிதர் சிலராற் கண்டிக்கப்பட, முற்போக்கு எழுத்தாளர் அதனை எதிர்த்து வாதிட்டனர். கட்டுரைகளிலும் மேடைகளிலும் அவ்விவாதம் நிகழ்ந்த காலத்தில், சாதாரண வாசகன் பேசும் தமிழையே படத்தின் கீழ் அச்சிற் பதித்து, அவன் அதனைச் சுவைக்கச் செய்தவர் சுந்தர்.

1963ஆம் ஆண்டளவிற் கொழும்பில் அவர் தொடங்கிய 'சிரித்திரன்' அவர் வாழ்வின் பெரும்பணியாயிற்று. பின்னர் அது யாழ்ப்பாணத்திற்கு இடம்பெயர்ந்தது. சித்திரம், ஆசிரியம், அச்சு, விற்பனை எனப் பல சுமைகளையும் பெரும்பாலும் ஒருவரே தாங்கிய இதழ் அது. 'மகுடி' என்னும் பெயரில் அவர் அளித்த கேள்வி பதில்கள் வாசகரைப் பெரிதும் கவர்ந்தன. செங்கை ஆழியானின் 'கொத்தியின் காதல்' இவ்விதழில் தொடராக வெளிவந்தது. 1970களின் முற்பகுதியில் இந்திய சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமை உள்நாட்டு இதழ்களுக்குப் பொதுவாக உரமூட்டிற்று. சிரித்திரனும் அச்சூழலில் வளர்ந்ததே.

அவர் படைத்த பாத்திரங்களுள் 'மிஸ்டர் அன்ட் மிஸிஸ் டாமோடிரன்' தனிக்கவனத்திற்குரியது. தாமோதரன் டாமோடிரன் ஆகும் அப்பெயர்த் திரிபிலேயே ஆங்கில மோகம் கொண்ட மத்தியதர வர்க்கத்தின் போலி வாழ்வு முழுதும் அடங்கிவிடுகின்றது. இதற்கு நிகரானதொன்றைப் பிலிப்பைன்ஸ் நாட்டிற் காணலாம். அங்கு 1929இல் டோனி வெலாஸ்குவெஸ் என்னும் ஓவியர் 'லிவாய்வாய்' இதழில் கென்கோய் என்ற பாத்திரத்தை உருவாக்கினார். அமெரிக்க நாகரிகத்தை அப்படியே பின்பற்றி, ஆங்கிலத்தைக் குதறிப் பேசும் இளைஞன் அவன். ஒருவரையொருவர் அறியாத இரு தீவு நாடுகளின் ஓவியர் இருவர் ஒரே வகைப் பாத்திரத்தைப் படைத்தமை தற்செயலன்று. அந்நியராட்சி வளர்த்த அடிமை மனத்தை எள்ளி நகையாடும் தேவை இரு சமூகங்களுக்கும் பொதுவாயிருந்தது.

போர்க்காலம் நகைச்சுவைக்கு உகந்த காலமன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டது. 1987 ஒக்டோபரில் ஈழமுரசு, முரசொலி ஆகியவற்றின் அச்சகங்கள் தகர்க்கப்பட்டன. காகிதமும் மின்சாரமும் அரிதாகி, கருத்துரைப்பதே ஆபத்தான அச்சூழலில் சிரித்திரனும் தடைகள் பலவற்றைச் சந்தித்தது. எனினும் இயன்றவரை அதனை வெளிக்கொணர்வதில் சுந்தர் தளரவில்லை. சிரிப்பைப் பொழுதுபோக்காகக் கருதியவரிடத்து இத்தகைய விடாப்பிடி தோன்றாது. சிரிப்பைக் கடமையாகக் கொண்டவரிடத்தே அது தோன்றும். 1996ஆம் ஆண்டு அவர் காலமானார்.

சுந்தர் வரைந்தவற்றுள் எஞ்சியவை எத்துணை என்னும் வினா வரலாற்று மாணவருக்கு உரியது. பழைய இதழ்கள் இடப்பெயர்வுகளிலும் தீயிலும் கறையானிடத்தும் அழிந்தன. நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்திற் சிரித்திரன் இதழ்கள் பல பாதுகாக்கப்பட்டிருப்பது ஆறுதல் தருவது. ஆனால் ஆவணங்கள் இருப்பது மட்டும் போதாது. அவற்றை வாசித்துக் காலத்தோடு பொருத்திக் காட்டும் ஆய்வும் வேண்டும்.

இது வடபுலத்திற்கு மட்டும் உரிய பணியன்று. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீளும் கரையோர ஊர்களின் பேச்சுத்தமிழும், வயலும் கடலும் தறியும் சந்தையும் வளர்த்த அதன் நையாண்டியும் அத்தகையதொரு தூரிகைக்கு உரிய செல்வங்களே. இப்பகுதியின் பழைய இதழ்களும் மலர்களும் வீட்டுப் பெட்டிகளில் இன்னும் கிடக்கக்கூடும். அவை மக்கிப்போகுமுன் திரட்டப்படுதல் அவசியம். ஒரு சமூகத்தின் கண்ணீரைப் பதிந்து வைப்பவர் பலர். அதன் சிரிப்பைப் பதிந்தவர் சிலரே. அச்சிலரை மறப்பது வரலாற்றின் பாதியை இழப்பதாகும்.