கனிம நிரப்பி கலந்த மின்நூற்பு நானோஇழைகள்

உடலுக்குள் மெல்லச் சிதைந்து மறையும் பாலிமரை உயர் மின்னழுத்தத்தால் நானோஇழையாக நூற்கும்போது, அதில் கனிமத் துகள்களைக் கலந்து வலுவூட்டிய கூட்டுப்பொருள் இது. எலும்புத் திசு வளர்வதற்கான சாரங்களுக்காகவே இது மிகுதியும் ஆராயப்படுகிறது. பாலிகேப்ரோலாக்டோனும் பாலிலாக்டிக் அமிலமும் வழக்கமான பாலிமர்கள். நிரப்பிகளில் ஹைட்ராக்சிஅப்பட்டைட் என்ற கால்சியம் பாஸ்பேட் முன்னிற்கிறது.

ஊசிமுனையில் தொங்கும் பாலிமர்க் கரைசல் துளி, பொதுவாக 10 முதல் 30 கிலோவோல்ட் அழுத்தத்தில் கூம்பாக நீள்கிறது. ஜெஃப்ரி டெய்லர் 1964இல் கணித்துக் காட்டிய கூம்பு இது. அதன் நுனியிலிருந்து கிளம்பும் தாரை சாட்டையாகச் சுழன்று மெலிய, கரைப்பான் ஆவியாகி, சில நூறு நானோமீட்டர் தடிமனுள்ள இழைகள் எதிர்த்தகட்டில் விரிப்பாகப் படிகின்றன.

பாலிகேப்ரோலாக்டோன் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே உருகும். உடல் வெப்பத்தில் மிருதுவாக இருக்கும். அதன் விறைப்பு ஒரு கிகாபாஸ்கலைக்கூட எட்டாது. அடர்ந்த எலும்புக்கோ 10 முதல் 20 வரை உண்டு. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம்தான். அதனால் அக்கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சிஅப்பட்டைட் இயல்பான தேர்வாகிறது. பாலிலாக்டிக் அமிலம் சிதையும்போது பெருகும் அமிலத்தன்மையையும் அது ஓரளவு தணிக்கிறது.

துகளைச் சேர்த்தாலே வலு கூடிவிடாது. அது இழை நெடுகச் சீராகப் பரவி, பாலிமரைப் பற்றிக்கொள்ள வேண்டும். உண்மையான சிக்கல் இங்கேதான். நீரை விரும்பும் துகள், குளோரோஃபார்ம் போன்ற கரைப்பானில் திரண்டுவிடுகிறது. இழையைவிடப் பெரிய திரள் இழையில் முடிச்சாகப் புடைக்கிறது. இழுத்தால் இழை அவ்விடத்தில்தான் அறும். சிரிஞ்சுக்குள் துகள் படிந்துபோனால் விரிப்பின் ஒரு பகுதிக்கும் மறு பகுதிக்கும் கனிம அளவு வேறுபடும். மீயொலியால் கலக்குவது, ஹைட்ராக்சிஸ்டியரிக் அமிலம் போன்ற பரப்பியங்கியைச் சேர்ப்பது, துகளின் மேற்பரப்பில் சிலேனை இணைப்பது ஆகியவை தீர்வுகள். அப்படியும் நிரப்பி ஓர் அளவைத் தாண்டினால் இழை நொறுங்கும் தன்மை பெறுகிறது.

ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள மான்ட்மோரில்லோனைட் களிமண் தகடுகளும், லாரி ஹென்ச் 1969இல் உருவாக்கிய உயிரியக்கக் கண்ணாடியும் பிற நிரப்பிகள்.

ஆய்வு முடிவுகளை ஒப்பிடும்போது விரிப்பின் நுண்துளை அளவையும் இழைகளின் திசையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்; இவை மாறினாலே விறைப்பு பெரிதும் மாறும். துகள் இருக்கும் இடமும் முக்கியம். இழைக்குள் புதைந்த கனிமம் வலுவைத் தரும், ஆனால் எலும்புச் செல்லுக்கு எட்டாது. இதற்காக, நூற்ற விரிப்பை உடல்திரவத்தை ஒத்த கரைசலில் ஊறவைத்து, மேற்பரப்பிலும் அப்பட்டைட் படலம் வளரச் செய்கிறார்கள்.