டீன் அறைக் கதவைத் தட்டியவர்

சட்டக் கல்லூரி விண்ணப்பத்துல, "உங்க மேல எப்பவாவது வழக்கு இருந்ததா?"ன்னு ஒரு கேள்வி. மறைச்சிடலாமான்னு ஒரு நொடி மனசு தடுமாறும், இல்லையா? எனக்கு அப்போ ருடால்ஃப் ஷ்வேர் ஞாபகம் வரும்.

1950ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். ஆரம்பத்திலேயே டீனிடம் போய், தான் முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததைச் சொல்லிவிட்டார். பழசை மறந்துட்டுப் படிக்கச் சொன்னார் டீன். 1953ல் வழக்கறிஞர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோதும், 1930களில் வேறு பெயர்களில் இருந்ததையும் கைதானதையும் எழுதிக் கொடுத்தார். யூதர் என்பதால் வேலை கிடைக்காமல் போகக் கூடாதே என்றுதான் அந்தப் பெயர்கள் என்றார். கைதான எதிலும் தண்டனை இல்லை. ஆனாலும், 1954 பிப்ரவரியில் தேர்வெழுத வந்தவரை வாரியம் திருப்பி அனுப்பியது.

உண்மை சொன்னதுக்கு இதுதான் பலனா?

மூணு வருஷம் போராடினார். 1957 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இதை வைத்து அவர் நல்லொழுக்கம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது எனத் தீர்ப்பளித்தது.

ஒண்ணு கவனிங்க. நீதிபதிகள் எடைபோட வேண்டியிருந்தது ஒரு பழைய வாழ்க்கையை மட்டும்தான். இருபது வருஷத்துக்கு முந்தைய தப்பை மன்னிக்கலாம்; நேத்து ஃபாரத்துல எழுதின பொய்யை மன்னிக்கறது கஷ்டம்.