பொருளாதார ஆராய்ச்சியில் கணிதத்தின் அதிகாரம்: கெயின்ஸ் – டின்பெர்கன் விவாதம்

பொருளாதார சாஸ்திரத்தில் கணிதம் எவ்வளவு தூரம் செல்லலாம் என்னும் வினாவைப் பொதுப்படையாக எழுப்பினால், கணிதம் வல்லோர் அதனைப் போற்றுவதும் அல்லாதார் அதற்கு அஞ்சுவதுமாகவே தர்க்கம் முடிந்துவிடுகிறது. 1939-இல் ஜான் மேனார்ட் கெயின்ஸுக்கும் யான் டின்பெர்கனுக்கும் இடையே எழுந்த விவாதம் அத்தகையதன்று. கெயின்ஸ் கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வில் 1905-இல் 12-ஆம் இடம் பெற்று, 1921-இல் நிகழ்தகவைப் பற்றிப் பெருநூல் இயற்றியவர். டின்பெர்கனோ லெய்டனில் ஏரன்ஃபெஸ்டிடம் பௌதிகம் பயின்று பொருளாதாரத்துக்கு வந்தவர். கணிதம் வேண்டுமா வேண்டாமா என்பது இவர்களுக்கு வினாவே அன்று. எத்தகைய பொருளின்மீது அதனைப் பிரயோகிக்கலாம் என்பதே வினா.

வாணிகச் சுழற்சிக்குக் காரணம் கூறிய கொள்கைகளைப் புள்ளிவிவரங்களைக் கொண்டு சோதிக்கும் பணியைச் சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) டின்பெர்கனிடம் ஒப்புவித்தது. அதன் பயனாக 1939-இல் இரு தொகுதிகள் வெளிவந்தன. முதலாவது முதலீட்டைப் பற்றியது, இரண்டாவது 1919 முதல் 1932 வரையில் அமெரிக்காவின் நிலையை ஆராய்வது. கெயின்ஸ், தாமே ஆசிரியராயிருந்த ‘எகனாமிக் ஜர்னல்’ பத்திரிகையில், அவ்வாண்டு செப்டம்பரில் முதல் தொகுதிக்கு மதிப்புரை எழுதினார்.

புள்ளிவிவரத்தால் ஒரு கொள்கையை மெய்யென்று நிரூபிக்க இயலாது, ஆயினும் பொய்யென்றோ குறையுடையதென்றோ காட்ட இயலும் என்பது டின்பெர்கனின் நிலை. கெயின்ஸ் இந்த அடக்கமான உரிமையையும் எளிதில் வழங்கவில்லை. காரணங்கள் அனைத்தும் பட்டியலில் இடம்பெற்றிருந்தாலன்றி, அவற்றுள் ஒன்றின் வலிமையைக் கணக்கிட்டு என்ன பயன்? கண்டுபிடிப்பு, அரசியல், தொழிலாளர் கிளர்ச்சி, யுத்தம், முதலீடு செய்வோனின் நம்பிக்கை ஆகியவற்றை எந்த அளவுகோலால் அளப்பது? காரணங்கள் ஒன்றையொன்று சாராதவை என்றும், விளைவு அவற்றின் நேர்விகிதத்தில் அமைவது என்றும் கொள்வதற்கு ஆதாரம் யாது? எல்லாவற்றினும் ஆழமானது, சூழ்நிலை காலந்தோறும் ஒரே தன்மையுடையதாய் நிலைத்திருக்கிறதா என்ற ஆட்சேபம். இவை வெறும் ஐயங்கள் அல்ல. இங்கிலாந்தில் தேவாலய முறைப்படி நடந்த திருமணங்களின் விகிதத்துக்கும் மரண விகிதத்துக்கும் இடையே, 1866 முதல் 1911 வரையில், 0.95 அளவு ஒட்டுறவு தென்படுவதை 1926-இலேயே புள்ளியியல் அறிஞர் யூல் எடுத்துக்காட்டியிருந்தார். இரண்டும் காலப்போக்கில் ஒருங்கே குறைந்தன என்பதற்கு மேல் அவற்றிடையே உறவு ஏதும் இல்லை.

பௌதிக விஞ்ஞானத்தில் கணிதம் பெற்ற வெற்றியைச் சான்றாக்குவோர், அவ்வெற்றியின் காரணத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். செவ்வாயின் வட்டப் பாதைக் கணக்கு, டைக்கோ பிராஹியின் அவதானங்களிலிருந்து 8 கலை அளவு விலகியதை அலட்சியம் செய்ய மறுத்ததாலேயே, கெப்ளர் 1609-இல் வெளியிட்ட நூலில் நீள்வட்டத்தை அடைந்தார். கணிதம் அங்கே செய்த பேருதவி, பிழையை மறைக்க முடியாதபடி துல்லியமாக்கியதே. ஆராயப்படுகிறது என்பதற்காகச் செவ்வாய் தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை. எதிர்காலத்தை எண்ணி அஞ்சியும் ஆசைப்பட்டும் செயல்படும் முதலீட்டாளனோ அத்தகைய திடம் உடையவன் அல்லன். ஆகையால் கெயின்ஸின் கடைசி ஆட்சேபத்துக்கு நிறைவான விடை இருப்பதாக நான் கருதவில்லை.

எனினும் விவாதம் அத்துடன் ஓய்வதற்கில்லை. டின்பெர்கன் தாம் கொண்ட ஒவ்வொரு காரணத்தையும், ஒவ்வொரு காலத் தாமதத்தையும் சமன்பாட்டில் வெளிப்பட எழுதிவைத்ததனாலன்றோ, கெயின்ஸ் அவற்றைப் பெயர் சொல்லிச் சுட்டிக் கண்டிக்க முடிந்தது! அலங்கார வசனத்தில் எழுதப்பட்ட பல கொள்கைகளிலும் இதே அனுமானங்கள் மறைந்திருந்தும், அவற்றைக் கண்டிப்பார் இல்லை. தம்மை மறுப்பவருக்கு இத்தகைய வாய்ப்பளிக்கும் எழுத்தே விஞ்ஞான எழுத்து என்பது என் துணிபு. இவ்வகையில் டின்பெர்கன் செய்தது நேர்மையான காரியம். பொருளாதாரக் கொள்கைகளை நிகழ்தகவுக் கூற்றுகளாகவே வகுத்துச் சோதிக்க வேண்டுமென்று பொருளாதார அறிஞர் ஹாவெல்மோ 1944-இல் வாதித்தது, இம்முறையை அடித்தளத்திலிருந்து சீர்செய்யும் முயற்சியாயிற்று.

1969-இல் பொருளாதாரத்துக்கு முதன்முதலாக நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, ஃபிரிஷுடன் அதனைப் பகிர்ந்துகொண்டவர் டின்பெர்கனே. அதனால் கெயின்ஸ் தோற்றார் என்று கொள்வது பேதைமை. நம் பல்கலைக்கழகங்களில் ஒட்டுறவைக் கணிக்கும் முறையை மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், கெயின்ஸின் மதிப்புரையையும் டின்பெர்கன் 1940-இல் அதற்கு எழுதிய மறுமொழியையும் அதே பருவத்தில், சேர்த்தே கற்பிக்க வேண்டுகிறேன்.